ஒரு பேர், அரைப் பேர்: குளத்துப்புழையிலிருந்து பார்த்த இலங்கைச் சீர்திருத்தம்

புனலூரில் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதுகிறேன். வீடு குளத்துப்புழையில். ரப்பர் பால் வெட்டி முடித்தவர்கள் வாளியோடு திரும்பும் நேரத்தில் நான் பஸ் ஏறுவேன். பஸ்ஸில் மலையாளம், வீட்டுக்குள் தமிழ். அந்தத் தமிழும் மலைக்கு அந்தப் பக்கம் செங்கோட்டையில் பேசுகிற தமிழ் இல்லை. தேத்தண்ணி (தேநீர்), தொரை (தோட்ட அதிகாரி), பெரட்டு (காலை ஆள் கணக்கெடுப்பு), லயம் (தொழிலாளர் வரிசை வீடுகள்) என்று எங்கள் பேச்சில் விழும் சொற்களை வைத்தே, "நீங்க சிலோன்காரங்களா?" என்று கேட்டுவிடுவார்கள்.

1964 அக்டோபர் 30 அன்று இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் செய்துகொண்ட ஒப்பந்தம், குடியுரிமை இல்லாமல் நின்ற 9,75,000 மலையகத் தமிழர்களை, அதாவது இலங்கையின் இந்திய வம்சாவளித் தோட்டத் தமிழர்களை, பங்கு பிரித்தது. இந்தியாவுக்கு 5,25,000 பேர், இலங்கைக்கு 3,00,000 பேர். மிச்சமிருந்த 1,50,000 பேரை 1974இல் ஆளுக்குப் பாதி என்று எடுத்துக்கொண்டார்கள். தலைமன்னாரில் கப்பல் ஏறி ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் தங்கி, அங்கிருந்து நீலகிரி, ஆந்திரா, கர்நாடகம் என்று சிதறிய கூட்டத்தில் சில நூறு குடும்பங்கள் இந்தப் பக்கம் வந்து சேர்ந்தன. அவர்களுக்காகவே 1976இல் மத்திய அரசும் கேரள அரசும் சேர்ந்து, புனலூரைத் தலைமையிடமாக வைத்து, ரீஹாபிலிடேஷன் பிளான்டேஷன்ஸ் என்ற ரப்பர் நிறுவனத்தைத் தொடங்கின. என் அப்பாவும் அம்மாவும் அங்கேதான் பால் வெட்டினார்கள். அம்மாவின் அக்காவுக்கு இலங்கைக் குடியுரிமை விழுந்தது. அவருடைய மகள், எனக்கு அக்கா முறை, தலவாக்கலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறார்.

2022இல் கடனைத் திருப்பித் தர இயலாது என்று இலங்கை அறிவித்தது. ஜனாதிபதி நாட்டை விட்டு ஓடினார். மக்கள் வாக்களிக்காத ஒருவர் அந்த நாற்காலியில் அமர்ந்து பொருளாதாரத்தைத் திருத்தத் தொடங்கினார். அதை எதிர்த்துப் பேசியே ஆட்சிக்கு வந்தவர்கள், வந்தபின் அதே திட்டத்தைக் கையில் எடுத்துக்கொண்டார்கள். இந்த ஆய்வு அதைப் பற்றியது. கொழும்பிலிருந்து எழுதியவை நிறைய இருக்கின்றன. நான் அக்காவின் சம்பளச் சீட்டை வைத்துக்கொண்டு பார்க்கிறேன். ஒரு சங்கத்தின் கணக்கு எப்படி நேரானது என்று தெரிய வேண்டுமென்றால், தலைவரைக் கேட்பதைவிட ஐநூறு ரூபாய் பங்கு வைத்திருக்கும் உறுப்பினரின் பாஸ்புத்தகத்தைப் பார்ப்பது நல்லது. இது என் தொழில் பழக்கம்.

கஜானா காலியான விதம்

2019 நவம்பரில் கோட்டாபய ராஜபக்ச ஜனாதிபதி ஆனார். அந்த ஆண்டு ஏப்ரலில் நடந்த ஈஸ்டர் குண்டுவெடிப்புகளால் சுற்றுலா ஏற்கெனவே படுத்துக் கிடந்தது. டிசம்பரில் புது அரசு வற் வரியை (மதிப்புக் கூட்டு வரியை) 15 சதவீதத்திலிருந்து 8 ஆகக் குறைத்தது. சதவீதத்தைவிடப் பெரிய ஓட்டை இன்னொன்று. வற் வரிக்குப் பதிவு செய்ய வேண்டிய வியாபாரத்தின் வரம்பு ஆண்டுக்கு 1.2 கோடி இலங்கை ரூபாயாக இருந்தது. அதை 30 கோடி ஆக்கினார்கள். நடுத்தர வியாபாரிகள் எல்லாரும் ஒரே நாளில் வரிப் புத்தகத்திலிருந்து வெளியே போனார்கள். நாட்டு உற்பத்தியில் 12 சதவீதத்துக்கு மேல் இருந்த அரசின் வருமானம், 2021இல் எட்டைச் சற்றே தாண்டி நின்றது. நடுவில் கொரோனா. வருமானம் இல்லை, வெளியே கடன் கிடைக்கவில்லை. மத்திய வங்கி பணம் அச்சடித்துக் கொடுத்தது.

2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதிக்குத் தடை வந்தது. இயற்கை விவசாயம் என்றார்கள். டாலர் மிச்சம் பிடிக்கத்தான் என்பது எல்லாருக்கும் புரிந்தது. தேயிலைக்கு அக்டோபரில் தடையைத் தளர்த்தினார்கள். ஆனால் செடி, அரசாணையைப் படித்துவிட்டுத் துளிர்ப்பதில்லை. 2021இல் சுமார் 30 கோடி கிலோவாக இருந்த இலங்கைத் தேயிலை, 2022இல் சுமார் 25 கோடி கிலோவுக்கு இறங்கியது. டாலர் சேமிக்கப் போட்ட தடை, டாலர் கொண்டுவரும் பயிரின் தலையில் விழுந்தது. இங்கே நாங்கள் ரப்பருக்கு உரம் வைப்பது ஒரு வருடம் தவறினாலே பால் வாளியில் தெரிந்துவிடும். அக்கா போனில் சொன்னது: "கொழுந்தே இல்ல தம்பி. கெலோ போட்டா அரைப் பேர்தான்." அங்கே ஒரு நாள் வேலைக்கு 'பேர்' என்று பெயர்; கிலோ குறைந்தால் அரைப் பேர்.

அப்புறம் நடந்தவை வேகமானவை. 2022 மார்ச்சில் ரூபாயை மிதக்க விட்டார்கள். ஒரு டாலருக்கு 200 இருந்தது, மே மாதத்துக்குள் 360. ஏப்ரல் 8 அன்று மத்திய வங்கி வட்டியை ஒரே அடியாக 7 சதவீதப் புள்ளி ஏற்றியது. ஏப்ரல் 12 அன்று வெளிநாட்டுக் கடன் தவணைகளை நிறுத்திவைப்பதாக அறிவிப்பு. கொழும்பின் காலிமுகத்திடலில் கூடாரம் போட்ட போராட்டக்காரர்கள் போகவில்லை. மே 9 அன்று பிரதமர் மகிந்த ராஜபக்ச விலகினார். ஜூலை 9 அன்று மக்கள் ஜனாதிபதி மாளிகைக்குள் புகுந்தார்கள். கோட்டாபய மாலத்தீவு வழியாக சிங்கப்பூர் போய், 14ஆம் தேதி ராஜினாமாக் கடிதம் அனுப்பினார்.

மாளிகையின் நீச்சல் குளத்தில் ஆட்கள் குதிப்பதை எங்கள் வீட்டுத் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்தபோது, வந்திருந்த பெரியப்பா சொன்னார்: "எழுபத்தி நாலுலயும் இப்படித்தான். மாவு இல்ல, அரிசி இல்ல. அப்ப நாங்க ஓடுனோம். இப்ப தொரையே ஓடுறான்."

அவர் சொன்னது வெறும் கிண்டல் இல்லை. 1972இல் நிலச் சீர்திருத்தச் சட்டம் வந்தது. 1975இல் கம்பெனித் தோட்டங்களை அரசு எடுத்துக்கொண்டது. அதே காலத்தில்தான் தோட்டங்களில் கடும் உணவுத் தட்டுப்பாடு. இந்தியாவுக்குப் போகலாமா, இருந்து பார்க்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்த பலரைக் கப்பலில் ஏற்றியது அந்தப் பசி. 1992இல் தோட்டங்களின் நிர்வாகம் மறுபடி தனியார் கம்பெனிகளின் கைக்குப் போனது. நாடு திருந்திய ஒவ்வொரு முறையும் லயத்து முகவரி மாறவில்லை. தொரை மட்டும் மாறினார்.

ஓட்டு இல்லாமல் கிடைத்த நாற்காலி

2020 பொதுத்தேர்தலில் ரணில் விக்கிரமசிங்கவின் கட்சி ஒரு தொகுதியிலும் வெல்லவில்லை. கட்சியின் மொத்த ஓட்டுக்கு ஏற்பத் தரப்படும் தேசியப் பட்டியலில் கிடைத்த ஒரே இடத்தை வைத்துக்கொண்டு அவர் 2021இல் நாடாளுமன்றத்துக்குள் வந்தார். 2022 மே மாதம் பிரதமர். ஜூலை 20 அன்று 225 பேர் கொண்ட சபையில் 134 வாக்குகள் வாங்கி ஜனாதிபதி. அந்த வாக்குகளில் பெரும்பகுதி, மக்கள் விரட்டிய ராஜபக்சக்களின் கட்சி போட்டது.

இந்த ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டால் பின்னால் நடந்ததில் பாதி புரியும். அடுத்த தேர்தலில் இழக்க அவரிடம் பெரிதாக ஒன்றுமில்லை. அதனால் முந்தைய எந்த அரசும் தொடப் பயந்ததைத் தொட்டார். அதே காரணத்தால், யாருடைய ஒப்புதலும் கேட்காமல் வர்த்தமானியில் (அரசிதழில்) அச்சிட்டு முடிக்கக்கூடிய காரியங்கள் முதலில் நடந்தன. பலசாலிகள் யாராவது சம்மதித்தால்தான் நடக்கும் என்ற காரியங்கள் பின்னுக்குப் போயின. நான் சொல்ல வருவதன் மையம் இதுதான். எது நல்லது, எது கெட்டது என்பதைவிட, எது முதலில் நடந்தது என்ற வரிசையைப் பாருங்கள்.

வற் வரி 2022 ஜூனில் 12 ஆனது, செப்டம்பரில் 15, 2024 ஜனவரியில் 18. மின்கட்டணம் 2022 ஆகஸ்டில் சராசரியாக 75 சதவீதம் ஏறியது. 2023 பிப்ரவரியில் இன்னொரு 66 சதவீதம். சராசரி என்ற சொல்லைக் கண்டால் கணக்கு எழுதுகிறவன் கொஞ்சம் நிற்க வேண்டும். அந்த ஆகஸ்ட் ஏற்றத்தில், மாதம் 30 யூனிட்டுக்குள் எரிப்பவர்களுக்கு ஏறியது 264 சதவீதம். லயத்துக் காம்பராவில் (அறையில்) இரண்டு பல்பும் ஒரு டிவியும் வைத்திருப்பவர்கள் அந்தப் படியில்தான் இருக்கிறார்கள். அதுவரை அவர்கள் கட்டியது உற்பத்திச் செலவைவிட மிகக் குறைவு என்பதும் உண்மை. மின்சார சபையின் நஷ்டம் வங்கிகளில் ஏறி, அங்கிருந்து அச்சடித்த பணமாக இறங்கி, விலைவாசியாக அதே காம்பராவுக்குத் திரும்பி வந்துகொண்டிருந்தது என்பதும் உண்மை. இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

2023 மார்ச் 20 அன்று சர்வதேச நாணய நிதியம் 48 மாதங்களுக்கு சுமார் 300 கோடி டாலர் கடனுக்கு ஒப்புதல் கொடுத்தது. அந்த நிதியத்திடம் இலங்கை போய் நிற்பது அது 17ஆவது முறை. அதே மார்ச் 9 அன்று நடந்திருக்க வேண்டிய உள்ளூராட்சித் தேர்தல், நிதி இல்லை என்று சொல்லித் தள்ளிவைக்கப்பட்டது. வாக்காளர்களின் அடிப்படை உரிமை மீறப்பட்டதாக 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொன்னது. தேர்தல் நடந்தது 2025 மே மாதம்.

பலன் என்ன என்றும் சொல்லிவிடுகிறேன். 2022 செப்டம்பரில் கொழும்பு விலைவாசி ஏற்றம் 69.8 சதவீதம். 2023 ஜூலையில் அது ஒற்றை இலக்கத்துக்கு வந்துவிட்டது. அரசுக்காக மத்திய வங்கி பணம் அச்சடிப்பதை 2023இல் வந்த புதிய சட்டம் தடுத்தது. பொருளாதாரம் 2022இலும் 2023இலும் சுருங்கி, 2024இல் 5 சதவீதம் வளர்ந்தது. நாள் கூலிக்காரருக்கு விலைவாசி ஏற்றம் நிற்பதைவிடப் பெரிய உதவி இல்லை. அக்காவும் அதை ஒத்துக்கொள்கிறார். "சாமான் வெல எறங்கல தம்பி. ஆனா நேத்து வெலயே இன்னைக்கும் சொல்றான் கடக்காரன். அதுவே பெரிசு." ரணிலைத் திட்டுபவர்கள் இதை விட்டுவிட்டுத் திட்டினால் எனக்கு ஒப்பவில்லை.

இந்தியாவிலும் 1991இல் ஆட்சி கைமாறும் நேரத்தில்தான் தங்கத்தை அடகு வைத்தோம், ரூபாயின் மதிப்பைக் குறைத்தோம். ஆனால் கணக்கைத் திருத்திய அரசு சிறுபான்மை அரசானாலும் தேர்தல் முடிந்து வந்த அரசு. இலங்கையில் திருத்தம் முன்னால் போனது, தேர்தல் பின்னால் வந்தது.

சேமலாப நிதி என்ற அமைதியான கடன்காரர்

2023 ஜூன் கடைசி வாரம். வியாழக்கிழமை ஹஜ்ஜுப் பெருநாள் விடுமுறை. வெள்ளிக்கிழமை வங்கிகளுக்குச் சிறப்பு விடுமுறை. அடுத்து சனி, ஞாயிறு. திங்கட்கிழமை போயா, பௌர்ணமி விடுமுறை. ஐந்து நாள் வங்கி திறக்காது என்ற செய்தியைப் படித்ததும் எங்கள் சங்கத்தில் ஒரே பேச்சு. நிதி நிறுவனம் ஒன்று ஐந்து நாள் கதவைச் சாத்துகிறது என்றால் உள்ளே பேரேடு திருத்தப்படுகிறது என்று அர்த்தம்.

அந்த ஐந்து நாளில் உள்நாட்டுக் கடனை மறுசீரமைக்கும் திட்டம் அமைச்சரவையையும் நாடாளுமன்றத்தையும் தாண்டியது. ஜூலை 1, சனிக்கிழமை, சபை ஒப்புதல் கொடுத்தது. வங்கிகள் வைத்திருந்த திறைசேரி முறிகளை (அரசுக் கடன் பத்திரங்களை) தொடவில்லை. தொட்டால் வங்கிகள் ஆடிப்போகும், வைப்புக்காரர்கள் பயப்படுவார்கள் என்று காரணம் சொன்னார்கள். நியாயமான காரணம்தான். தொட்டது ஊழியர் சேமலாப நிதியை, இங்கே நாம் பி.எஃப். என்கிறோமே அதை. நாட்டிலேயே பெரிய ஓய்வூதிய நிதி அது, 3 லட்சம் கோடி இலங்கை ரூபாய்க்கு மேல். அதன் கையிலிருந்த முறிகளைக் கொடுத்து, 2027 முதல் 2038 வரை முதிரும் புது முறிகளை வாங்கிக்கொள்ள வேண்டும். வட்டி முதலில் 12 சதவீதம், பிறகு 9. மாற்றிக்கொள்ளாவிட்டால், முறி வருமானத்துக்கு 14 சதவீதமாக இருந்த வரி 30 ஆகும். விருப்பப்பட்டால் மாற்றிக்கொள்ளலாம் என்றுதான் எழுதியிருந்தது. எங்கள் ஊரில் இதை விருப்பம் என்று சொல்ல மாட்டோம்.

அக்காவின் சம்பளத்தில் 8 சதவீதம் அந்த நிதிக்குப் போகிறது, தோட்டம் 12 சதவீதம் போடுகிறது. நாள் கூலி 1,000 ரூபாய் என்றால் 20 பேர் (20 நாள் வேலை) விழுந்த மாதத்தில் 4,000 ரூபாய் சேரும். அது அவர் எழுதிய கையெழுத்தில் சேரவில்லை, பிடித்தம் என்ற பெயரில் சேர்ந்தது. எடுக்கவும் முடியாது, பெண்களுக்கு 50 வயதில், ஆண்களுக்கு 55இல்தான் கிடைக்கும்.

இனி ஒரு சின்னக் கணக்கு. 2021 கடைசியில் அந்த நிதியில் 100 ரூபாய் இருந்தது என்று வையுங்கள். 2022க்கு 9 சதவீத வட்டி, ஆக 109. அதே காலத்தில் விலைவாசி 57 சதவீதம் ஏறியது. 100 ரூபாய்க்கு வாங்கிய சாமானுக்கு இப்போது 157 வேண்டும். கையில் இருப்பதோ 109. மறுசீரமைப்பு தொடங்குவதற்கு முன்பே பத்தில் மூன்று பங்கு ஆவியாகிவிட்டது. அதற்கு மேல்தான் இந்த மாற்றம் வந்தது. 2023க்கு நிதி 13 சதவீத வட்டி கொடுத்தது, பரவாயில்லை. ஆனால் இந்த மாற்றத்துக்கு முந்தைய ஓராண்டாக அரசின் மூன்று மாதப் பத்திரங்களே 20 சதவீதத்துக்கு மேல் வட்டி கொடுத்துக்கொண்டிருந்தன. வெளியே பணம் வைத்திருந்தவர்கள் அந்த வட்டியை வாங்கி, விட்டதில் கொஞ்சம் பிடித்தார்கள். அக்காவுக்கு அந்தக் கதவு இல்லை.

வெளிநாட்டுப் பத்திரக்காரர்களின் கணக்கு 2024 டிசம்பரில் முடிந்தது. சுமார் 1,250 கோடி டாலர் பத்திரங்களை மாற்றிக்கொண்டார்கள். அசலில் பெரிய வெட்டு விழுந்தது உண்மை. ஆனால் அந்தப் புது முறிகளில் ஒரு வாசகம் இருக்கிறது: நாட்டின் உற்பத்தி எதிர்பார்த்ததைவிடக் கூடினால் அவர்களுக்குக் கிடைப்பதும் கூடும். லண்டனிலும் நியூயார்க்கிலும் வழக்கறிஞர்களை வைத்து இரண்டு வருடம் பேரம் பேசி வாங்கிய வாசகம். சேமலாப நிதிக்காரருக்கு அப்படி ஒரு வரி எழுதப்படவில்லை. நாடு நன்றாக வளர்ந்தாலும் அந்த முறிகளின் வட்டி 9தான். பேரம் பேச அவருக்கு இரண்டு வருடம் கிடைக்கவில்லை; ஐந்து நாள் விடுமுறை கிடைத்தது.

இந்தத் திட்டம் முழுவதிலும் எனக்குக் கசக்கிற இடம் இதுதான். யாரோ ஒருவர் நஷ்டத்தைத் தாங்கித்தான் ஆக வேண்டும், அதில் சந்தேகமில்லை. ஆனால் வாடகைக்கு விடாத வீட்டுக்கும் வாடகை மதிப்பு கணக்கிட்டு வரி போடும் சொத்து வரி ஒன்று அதே திட்டத்தில் இருந்தது. 2025இல் வர வேண்டியது, 2027க்குத் தள்ளிப்போனது. வீடுகளுக்கு மதிப்புப் போடப் பதிவேடு தயாராகவில்லையாம். கொழும்பில் பங்களா வைத்திருப்பவரின் பதிவேடு தயாராக ஆண்டுகள் ஆகும். லயத்தில் இருப்பவரின் பிடித்தப் பதிவேடு மட்டும் எப்போதும் தயார்.

1,700 ரூபாயின் பயணம்

முன்பு சொன்ன 'பேர்' கணக்கு இதுதான். சொன்ன கிலோவைப் பறித்தால் ஒரு பேர், குறைந்தால் அரைப் பேர். கூலியை ஏற்றும்போதெல்லாம் கிலோவும் ஏறும் என்பது அங்கே எழுதாத சட்டம்.

2019 கூட்டு ஒப்பந்தத்தில் அடிப்படை 700 ரூபாய், அதன்மேல் 50. ஆயிரம் வேண்டும் என்று தொழிலாளர்கள் ஆண்டுக்கணக்கில் கேட்டு, கடைசியில் 2021 மார்ச்சில் சம்பள நிர்ணய சபை 1,000 என்று வர்த்தமானியில் போட்டது. கம்பெனிகள் கூட்டு ஒப்பந்தத்திலிருந்து விலகிக்கொண்டன. அக்காவின் தோட்டத்தில் 18 கிலோ 20 ஆனது. அன்றைய கணக்கில் 1,000 ரூபாய் என்பது 5 டாலர். 2022 மே மாதம் அதே ஆயிரம் 3 டாலர்கூட இல்லை. வாங்கிய கையின் ஈரம் காயவில்லை.

எரிவாயு கிடைக்காமல் கொழும்பு தவித்தபோது லயங்கள் விறகில் சமைத்தன. அந்த ஒரு வகையில் தப்பித்தார்கள். கோதுமை மா விலைதான் அடித்தது. ரொட்டிதான் அங்கே காலையும் மதியமும். தமிழ்நாடு அரசு அனுப்பிய 40,000 டன் அரிசியில் ஒரு பை அக்கா வீட்டுக்கும் வந்தது. "ஒங்க ஊரு அரிசி" என்றார். நாங்கள் இருப்பது கேரளம் என்று திருத்த எனக்கு மனம் வரவில்லை.

2024 மே 1, கொட்டகலை மேதினக் கூட்டம். அந்த ஆண்டே ஜனாதிபதித் தேர்தல். ரணில் 1,700 ரூபாய் அறிவித்தார். வர்த்தமானியும் வந்தது. கம்பெனிகள் நீதிமன்றம் போயின. ஜூலையில் உச்ச நீதிமன்றம் இடைக்காலத் தடை போட்டது. செப்டம்பர் 10 அன்று, வாக்களிப்புக்கு 11 நாள் இருக்கையில், 1,350 என்று புது வர்த்தமானி. மீதி 350, கூடுதலாகப் பறித்தால் கிடைக்கும் ஊக்கம் என்ற பேச்சாக நின்றது.

இங்கே நின்று முன்பு சொன்ன வரிசையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வற் வரியை 8இலிருந்து 18 ஆக்க ஒன்றரை வருடம் போதுமாக இருந்தது. மின்கட்டணம் ஏற ஆணைக்குழுவின் ஒரு முடிவு போதும். சேமலாப நிதிக்கு ஒரு வார இறுதி. கொழுந்துக் கூலிக்கு மட்டும் மேடை, வர்த்தமானி, நீதிமன்றம், சபை, மறுபடி வர்த்தமானி. 2021 முதல் 2024 வரை விலைவாசி ஏறத்தாழ இரண்டு மடங்கு ஆனது. கூலி ஏறியது 35 சதவீதம்.

கம்பெனிகளின் பக்கத்தையும் சொல்ல வேண்டும். தேயிலைச் செலவில் பெரும்பங்கு கூலி. செடிகள் கிழடு தட்டிவிட்டன, மறுநடவு நடக்கவில்லை. நாட்டின் தேயிலையில் எழுபது சதவீதத்துக்கு மேல் இன்று சிற்றுடைமைக்காரர்கள் தருகிறார்கள். அவர்களுக்கு இந்தக் கூலிச் சுமை இல்லை. இதெல்லாம் சரிதான். ஆனால் ரூபாய் விழுந்தபோது தேயிலையை டாலரில் விற்றவர்களுக்கு ஒரு டாலருக்கு 200க்குப் பதில் 360 கிடைத்தது. அந்த வித்தியாசத்தில் கொழுந்து எடுத்தவருக்கு என்ன வந்தது என்று எந்த மேடையிலும் யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

திசைகாட்டிக்கு விழுந்த ஓட்டு

2024 செப்டம்பர் 21 தேர்தலில் அனுர குமார திசாநாயக்க வென்றார். 2019இல் 3 சதவீதம் வாங்கியவர், இந்த முறை முதல் எண்ணிக்கையில் 42.31. ரணிலுக்கு 17. நவம்பரில் அவருடைய கூட்டணி, திசைகாட்டிச் சின்னத் தேசிய மக்கள் சக்தி, 225இல் 159 இடங்களைப் பிடித்தது; நுவரெலியாவும் யாழ்ப்பாணமும்கூட அவர்கள் பக்கம் விழுந்தன.

எங்கள் பெரியப்பாவுக்கு இது செரிக்கவில்லை. அந்தக் கூட்டணியின் முதுகெலும்பான ஜே.வி.பி., 1971 கிளர்ச்சிக்கு முன் இளைஞர்களுக்கு எடுத்த ஐந்து வகுப்புகளில் ஒன்றின் தலைப்பு இந்திய விஸ்தரிப்புவாதம். தோட்டத் தமிழரை அதன் கையாள் போலப் பார்த்த பாடம் அது. "அவனுக்கா ஓட்டுப் போட்ட?" என்று அவர் போனில் சத்தம் போட்டார். அக்கா அமைதியாகச் சொன்னார்: "மத்த எல்லாருக்கும் போட்டுப் பாத்தாச்சு மாமா."

வந்த அரசு நாணய நிதியத் திட்டத்தைக் கிழித்துப் போடவில்லை. இலக்குகளை வைத்துக்கொண்டு ஓரங்களை மாற்றியது. விமான நிறுவனத்தை விற்கும் பேச்சு நின்றது. மின்சார சபையைப் பிரிக்கும் சட்டத்தில் திருத்தம் வந்தது. மாதம் ஒன்றரை லட்சம் வரை சம்பாதிப்பவர்களுக்கு வருமான வரி இல்லை என்று ஆனது. ஐந்து வருடம் நின்றிருந்த வாகன இறக்குமதி 2025இல் திறந்தது. சேமலாப நிதியின் மாற்றத்தைத் திருப்பிப் போட முடியவில்லை, கையெழுத்து ஆறியாகிவிட்டது. இடைக்கால அரசு செய்துவிட்டுப் போன வேலையின் பலத்தில்தான் புது அரசு நிற்கிறது. அதை வெளியே ஒப்புக்கொள்ள அரசியல் இடம் கொடுக்காது. சங்கங்களிலும் இதைப் பார்க்கிறேன். பழைய குழு போட்ட தீர்மானத்தை எதிர்த்து ஜெயித்த புதுக் குழு, முதல் கூட்டத்தில் அதே தீர்மானத்தைத்தான் வாசிக்கும், குரல் மட்டும் கொஞ்சம் தாழும்.

கூலி விஷயத்தில் புது அரசு வேறு வழி பிடித்தது. 2026 வரவு செலவுத் திட்டத்தில், கம்பெனிகள் 1,350ஐ 1,550 ஆக்குவது, அரசு நாளுக்கு 200 ரூபாய் வருகை ஊக்கமாகத் தன் பணத்திலிருந்து போடுவது என்று முடிவானது. ஆக 1,750. டாலரில் ஐந்தரைக்குச் சற்று மேல். 2021இல் 5 இருந்தது. தனியார் தோட்டத்தின் கூலியில் ஒரு பகுதியை வரிப்பணத்தில் கொடுப்பது சரியா என்று கொழும்பில் கேட்டார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் பல சாமான்களுக்கு வற் வரி 18 சதவீதம் கட்டி வாங்கும் கொழுந்துக்காரி, அந்த 200 ரூபாயில் பாதியை ஏற்கெனவே தானே கட்டிவிட்டார் என்று எனக்குத் தோன்றும்.

அந்த ஏற்றம் கைக்கு வருவதற்குள், 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் மலையகத்தைச் சரித்துப் போட்டது. நாடு முழுக்க அறுநூறு பேருக்கு மேல் இறந்தார்கள். அக்காவின் லயத்துக்குப் பின்னால் மண் இறங்கியது, வீடு தப்பியது. இரண்டு வாரம் போன் கிடைக்கவில்லை. நிதியம் அவசர உதவியாக இன்னொரு கடன் கொடுத்தது. அதுவும் கடன்தான்.

அக்காவுக்கு 50 வயது முடிந்துவிட்டது. சேமலாப நிதிக்கு எழுதிப் போட்டார். அடையாள அட்டையில் உள்ள பேருக்கும் தோட்டத்துப் பதிவில் உள்ள பேருக்கும் ஒரு எழுத்து வித்தியாசம் என்று ஓர் அலுவலகத்திலிருந்து பதில் வந்தது. அவர் பேரைப் பதிவில் ஏற்றியவர் தமிழ் தெரியாத ஒரு கிளார்க், முப்பது வருடத்துக்கு முன். சரிசெய்ய இரண்டு முறை போய்வந்தார். பஸ் செலவும் போன நாளின் பேரும் போயின. "மூணாவது தடவ வரச் சொல்லியிருக்காங்க தம்பி, வெள்ளிக்கெழம. அன்னைக்குக் கொழுந்து நல்லா இருக்கும். போறதா, பறிக்கிறதான்னு பாத்துக்கிட்டு இருக்கேன்."